பையை உள்ளே திருப்பிப் பார்த்து வாங்குங்கள்

மடிக்கணினி சுமந்து வேலைக்குப் போகத் தொடங்கும் இளையவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளே, தங்கைகளே,

சென்னையின் தெற்கே, மின்ரயில் நிலையம் ஒன்றின் பக்கத்தில் பை தைப்பதும் பழுது பார்ப்பதும் என் தொழில். படிப்பை முடித்து முதல் வேலைக்குக் கிளம்பும் உங்களை எனக்கு நன்றாகத் தெரியும். வேலையில் சேர்ந்த சில மாதங்களில் உங்களில் பலர் என் மேஜைக்கு முன்னால் வந்து நிற்கிறீர்கள். ஒருவர் பையில் வார் வேரோடு பிய்ந்திருக்கும். இன்னொருவருக்கு ஜிப்பை இழுத்து மூட மூடப் பின்னாலேயே திறந்துகொள்ளும். உள்ளே கைவிட்டால் கறுப்புத் தூளாக உதிர்கிறது என்பார் மூன்றாமவர். பையை நீட்டிவிட்டுத் தோளைத் தேய்த்துக்கொள்பவர்களும் உண்டு. பையை நான் தைத்துக் கொடுத்துவிடுவேன். தோள்வலிக்கு என்னிடம் ஊசிநூல் இல்லை. அதனால்தான், நீங்கள் வாங்கப் போவதற்கு முன்பே பேசிவிட வேண்டும் என்று இதை எழுதுகிறேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். எந்தப் பையும் எல்லா இடத்திலும் கிழிவதில்லை. மலிவான பையானாலும் விலை கூடிய பையானாலும் வார் வேர், ஜிப், உள்தையல், அடிப்பாகம், துணியின் உள்பூச்சு என்று சில இடங்களில்தான் விட்டுக்கொடுக்கிறது. அந்த இடங்கள் கடையில் மாட்டிவைத்திருக்கும்போது கண்ணில் படாது. லைனிங்குக்குப் பின்னாலும் வாருக்கு அடியிலும் ஒளிந்திருக்கும். அவற்றைக் கையால் தடவிப் பார்த்து வாங்கத் தெரிந்துவிட்டால் பையும் வருடக்கணக்கில் உழைக்கும், உடம்பும் பிழைக்கும்.

முதலில் எடையைப் பேசுவோம். 2000-ல் தரமணியில் டைடல் பூங்கா திறந்த காலத்தில் கணினி வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் சாப்பாட்டுப் பையோடுதான் போனார்கள். கணினி அலுவலக மேஜையை விட்டு நகராது. 2020-ல் கொரோனா வந்தது, வேலையும் வீட்டுக்கு வந்தது. வாரத்தில் சில நாள் வீடு, சில நாள் அலுவலகம் என்று இன்று பலருக்கும் ஆகிவிட்டதால், அந்த இரண்டுக்கும் நடுவே கணினியைச் சுமக்கும் வேலை உங்கள் தோளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

கூட்டிப் பாருங்கள். 15.6 அங்குலத் திரை உள்ள கணினி சுமார் 2 கிலோ. சார்ஜர் கால் கிலோவுக்கு மேல். ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பிய பாட்டில் 1 கிலோவைத் தாண்டும். நிறைந்த சாப்பாட்டு டப்பா முக்கால் கிலோ. குடை, பர்ஸ், இயர்போன், இன்னபிற சேர்ந்து அரைக் கிலோ. வெறும் பையே 1 கிலோ இருக்கும். மொத்தம் ஆறு கிலோவைத் தொட்டுவிடும். ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகம் 2020-ல் வெளியிட்ட பள்ளிப் பைக் கொள்கை, பையின் எடை குழந்தையின் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்கிறது. அது பள்ளிப் பிள்ளைகளுக்கானது. ஆனாலும் 55 கிலோ எடையுள்ள ஒருவர் தனக்கும் அதையே அளவாக வைத்துக்கொண்டால் ஐந்தரைக் கிலோவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். வீட்டில் எடை பார்க்கும் கருவி இருந்தால் ஒருமுறை பையோடும் ஒருமுறை பையில்லாமலும் ஏறி நில்லுங்கள். வித்தியாசம்தான் நீங்கள் தினமும் சுமப்பது. அலுவலகத்திலேயே ஒரு சார்ஜரை வைத்துவிட முடிந்தால், தண்ணீரை அங்கே போய்ப் பிடித்துக்கொள்ள முடிந்தால், ஒரு கிலோவுக்கு மேல் அங்கேயே இறங்கிவிடும். பை வாங்கும்போதும் வெறும் பையைத் தூக்கிப் பாருங்கள். காலியாக இருக்கும்போதே கனக்கும் பை வேண்டாம்.

கொள்ளளவும் எடையைச் சேர்ந்ததுதான். வேலைக்குப் போய்வர 20 லிட்டருக்கு முன்னே பின்னே இருந்தால் போதும். 35 லிட்டர் பை வாங்கினால் அதை நிரப்பவும் ஏதாவது கிடைத்துவிடும். போன மாத ரசீதும் உதவாத ஒயர்களும் அடியில் கிடக்க, அவற்றையும் சேர்த்துத்தான் படியேறுவீர்கள்.

ஒற்றைத் தோளில் மாட்டும் பையா, முதுகுப் பையா என்று கேட்பீர்கள். மெல்லிய கணினி, சார்ஜர், அதற்கு மேல் ஒன்றுமில்லை என்றால் ஒற்றை வார்ப் பை போதும். பக்கத்தை மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். அதைவிடக் கூடினால் இரண்டு வார் உள்ள முதுகுப் பைதான் சரி. ஒற்றை வார் நழுவாமல் இருக்க அந்தத் தோள் நம்மை அறியாமலே மேலே தூக்கிக்கொள்ளும், முதுகு எதிர்ப்பக்கம் சாயும். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே உள்ள தசை போகும்போதும் வரும்போதும் இறுகியபடியே இருக்கும். இரண்டு வார் உள்ள பையை ஸ்டைலுக்காக ஒரே தோளில் மாட்டிக்கொண்டு போனாலும் இதே கதைதான்.

இனி கடைக்குள் போவோம்.

எந்தப் பையை எடுத்தாலும் முதலில் வாரைப் பாருங்கள். தோளில் படியும் இடம் நாலு விரல் அகலமாவது இருக்க வேண்டும். வார் குறுகினால் அதே எடை தோளில் கோடு கிழிக்கும். பிறகு கட்டைவிரலால் அழுத்துங்கள். மெத்தென்று அமுங்கிப்போய் எதிர்ப்பக்கத்துத் துணி விரலில் தட்டினால் அது சாதாரண ஸ்பாஞ்சு. கடையில் சுகமாக இருக்கும். சில மாதத்தில் அப்பளமாகிவிடும். கொஞ்சம் எதிர்த்து நின்று, விரலை எடுத்ததும் பழைய நிலைக்கு வரும் ஃபோம்தான் வருடக்கணக்கில் தாங்கும். வார் நேராக இறங்காமல் கழுத்தை விட்டு விலகி, மார்பின் ஓரமாக வளைந்து அக்குளுக்கு அடியில் போக வேண்டும்.

அடுத்தது வார் வேர். வாரின் மேல்முனை பையோடு சேரும் இடத்தை நாங்கள் அப்படிச் சொல்வோம். ஆறு கிலோவும் தொங்குவது அந்த இரண்டு கையகலத் தையலில்தான். நீங்கள் நகரும் பேருந்தில் ஓடி ஏறும்போதும், ரயில் மேம்பாலப் படிகளில் குதித்து இறங்கும்போதும் அந்தத் தையல் வாங்கும் இழுவை ஆறு கிலோவைவிட அதிகம். என்னிடம் வரும் பழுதுகளில் இதற்கும் ஜிப்புக்கும்தான் எப்போதும் போட்டி.

நன்றாகத் தைத்த பையில் வாரின் முனை ஓரத்தோடு நிற்காது. இரண்டு துணிகளுக்கு நடுவே ஓரிரு அங்குலம் உள்ளே போய், அங்கே சதுரம் போட்டு அதற்குள் பெருக்கல் குறி போட்டுத் தைத்திருப்பார்கள். அல்லது நெருக்கமான குறுக்குத் தையல் இரண்டு மூன்று வரிசை ஓடியிருக்கும். மோசமான பையில் வாரின் ஓரத்தை விளிம்புத் தையலில் செருகி ஒரே ஓட்டு ஓட்டியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். பெரிய அறையைத் திறந்து உள்பக்கம் மேல்விளிம்பில் விரலை ஓட்டுங்கள். தடிப்பாக, அடுக்கடுக்காகக் கையில் தட்டுப்பட்டால் நல்லது. பிறகு ஒரு கையால் பையின் மேல்விளிம்பைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வாரைப் பலமாக இழுங்கள். ஊசித் துளைகள் வாயைத் திறந்தால் அந்தப் பையை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள். கைப்பிடியின் இரண்டு முனைகளையும் இதேபோல இழுத்துப் பாருங்கள். வாரின் கீழ்முனை நாடாவைப் பிடித்திருக்கும் முக்கோணத் துணியையும் விட்டுவிடாதீர்கள்.

நாடா பக்கிளில் நழுவுகிறதா என்பதும் முக்கியம். மெல்லிய, வழவழப்பான நாடா எடை ஏறியதும் மெதுவாக வழுகும். காலையில் முதுகோடு ஒட்டியிருந்த பை மாலையில் பின்பக்கத்தில் இடிக்கும். நீங்களும் ஈடுகட்ட முன்னால் குனிந்து நடப்பீர்கள். பையின் அடி இடுப்புக்குக் கீழே இறங்காதபடி நாடாவை இழுத்துவைத்தால் அங்கேயே நிற்கிற பையாக இருக்க வேண்டும். நாடாவின் வால்முனை மடித்துத் தைக்கப்படாமல் இருந்தால் ஒருநாள் பக்கிளிலிருந்து முழுதாக உருவிக்கொண்டு வந்துவிடும். அதையும் பாருங்கள்.

கணினி வைக்கும் அறை முதுகை ஒட்டி இருக்க வேண்டும். கனமான பொருள் முதுகெலும்பை விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறதோ அவ்வளவு அது உங்களைப் பின்னால் இழுக்கும். கணினியை முன்பக்க அறையிலும் துண்டு துணியை முதுகுப் பக்கத்திலும் வைத்தால் இரண்டே கிலோ மூன்று கிலோவாகத் தோன்றும்.

அந்த அறைக்குள் ஒரு சோதனை உண்டு. பையை மேஜைமேல் நிறுத்திவைத்து, கணினி அறைக்குள் கையை அடிவரை விடுங்கள். உங்கள் விரல் மேஜைக்கு ஓரங்குலம் மேலேயே நின்றுவிட்டால் அது அறிந்து தைத்த பை. அறையின் அடி பையின் அடியைத் தொடாமல் தொட்டில்போலத் தொங்குகிறது என்று பொருள். விரல் நேராகப் போய் மேஜையைத் தட்டினால், நீங்கள் அலுவலகத்தில் நாற்காலிக்குப் பக்கத்தில் பையைப் பொத்தென்று வைக்கும் ஒவ்வொரு தடவையும் கணினியின் மூலைதான் தரையில் இடிபடும். சுற்றிலும் தடிமனான பஞ்சு வைத்து, அடியில் மட்டும் வெறும் துணியோடு விட்டிருக்கும் பைகள் நிறைய விற்கின்றன. வாங்குபவர்கள் பக்கத்தை அழுத்திப் பார்க்கிறார்கள், அடியைத் தொடுவதில்லை.

அளவு விஷயத்திலும் கவனம் வேண்டும். 15.6 அங்குலம் என்பது திரையின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை உள்ள நீளம். கணினியின் உடல் அளவு வேறு. பழைய கணினிகளில் திரையைச் சுற்றி அகலமான விளிம்பு இருக்கும். விளையாட்டுக்கென வரும் கணினிகள் தடிமனாக இருக்கும். வீட்டிலேயே நீளம், அகலம், தடிமன் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து குறித்துக்கொண்டு போங்கள். அறை இறுக்கமாக இருந்தால் மூலைகள் ஜிப்பில் உரசும். தொளதொளவென்றிருந்தால் கணினி உள்ளே ஆடும்.

துணிக்கு வருவோம். சீட்டில் 600டி, 1000டி என்று போட்டிருப்பார்கள். டி என்பது டெனியர். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுதான் அதன் டெனியர். எண் ஏற ஏற நூல் தடிமன், துணி முரடு, எடையும் கூடுதல். அன்றாட வேலைக்கு 600 டெனியர் பாலியெஸ்டர் போதுமானது. பையைத் தரையில் இழுத்து, சுவரில் உரசி, முரட்டுத்தனமாகப் புழங்குபவர்கள் நைலானுக்குப் போகலாம். உராய்வில் நைலானுக்கு வலு அதிகம், வெயிலில் நிறமும் பலமும் போகாமல் நிற்பதில் பாலியெஸ்டர் ஒரு படி மேல். ஆனால் எண்ணை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். நெசவு தளர்வாக இருந்தால் தடித்த நூலும் உதவாது. துணியை இரண்டு கட்டைவிரலுக்கு நடுவே பிடித்து எதிரெதிராகத் தள்ளிப் பாருங்கள். நூல்கள் விலகி இடைவெளி தெரிந்தால் தையல் போட்ட இடத்திலும் அப்படித்தான் விலகும். அடிப்பாகத்தில் இரட்டைத் துணி போட்டிருந்தால் இன்னும் நல்லது. தரையோடு தேய்வது அதுதானே.

உள்ளே உதிரும் கறுப்புத் தூளைப் பற்றிச் சொன்னேன். மழைநீர் இறங்காமலிருக்கத் துணியின் உள்பக்கம் பாலியூரித்தேன் என்ற பூச்சைப் பூசுவார்கள். ஈரக் காற்றும் சூடும் சேர்ந்தால் அந்தப் பூச்சு வேதியியல்ரீதியாகவே சிதைந்துபோகும். முதலில் பிசுபிசுக்கும், பிறகு செதில் செதிலாக உரியும். கடலோர ஊர்களில் இது சீக்கிரம் நடக்கிறது. உபயோகிக்காமல் அலமாரியில் பூட்டிவைத்த பையிலும் நடக்கிறது. கடையில் வெகுநாள் தேங்கிய பையைத் தள்ளுபடியில் வாங்கும்போது உள்பக்கத்தைக் கையால் தேய்த்து மோந்து பாருங்கள். ஒட்டினாலோ புளித்த வாடை அடித்தாலோ வேண்டாம். ரெக்சினுக்கும் இதே நோய் உண்டு. தோல் போலவே பளபளக்கும், வருடம் திரும்புவதற்குள் மடிப்புகளில் தோலுரியும்.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னைக்கு மழை பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்றில் வருவது. ஒருமணி நேரத்தில் தெருவை நிறைக்கும் மழை அது. ‘தண்ணீரைத் தாங்கும்’ என்று சீட்டில் போட்டிருப்பது தூறலுக்குத்தான். துணி நனையாவிட்டாலும் ஜிப்பின் பல்லிடுக்கிலும் தையல் துளைகளிலும் நீர் இறங்கும். ஜிப்புக்கு மேலே மூடிபோல ஒரு துணிமடிப்பு இருந்தால் பாதி காவல். மேலுறை ஒன்றை எப்போதும் பையின் அடியில் மடித்துவைத்திருங்கள். இரண்டு வாருக்கும் நடுவே, முதுகுப் பக்கம், மேலுறை மூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். இருசக்கர வண்டியில் போகிறவர்களுக்கு முதுகில் வழியும் தண்ணீர் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். பெரிய பிளாஸ்டிக் உறை ஒன்றில் கணினியைப் போட்டு அறையில் வைப்பது காசில்லாத காப்பு.

இனி ஜிப். ஜிப் போனால் பையே போயிற்று என்று தூக்கி எறிகிறவர்கள்தான் அதிகம். ஓடும் தலையை நாங்கள் ரன்னர் என்போம். அதன் பின்புறம் 3, 5, 8, 10 என்று ஏதாவது எண் பதிந்திருக்கும். மூடிய பற்களின் அகலம் ஏறக்குறைய எத்தனை மில்லிமீட்டர் என்பதைச் சொல்லும் எண் அது. பெரிய அறைக்கு 8 அல்லது 10, சின்ன அறைகளுக்கு 5 இருந்தால் நம்பலாம். பெரிய அறைக்கே 5 போட்டிருந்தால் பை நிறைந்த நாளில் பல் விலகும். 1934-ல் டோக்கியோவில் யோஷிதா தடாவோ தொடங்கிய ஒய்கேகே நிறுவனத்தின் ஜிப்புக்கு உலகமெங்கும் நல்ல பெயர் உண்டு. போலியும் உண்டு என்பதால் எழுத்தை மட்டும் பார்க்காமல் ஓட்டிப் பாருங்கள். பையை நிரப்பிவைத்து, ஒரே கையால், ஜிப் வளையும் மூலைகளில் முன்னும் பின்னும் இழுங்கள். திக்காமல் ஓட வேண்டும். லைனிங் துணி அதன் வாயில் சிக்கக்கூடாது. வளைவு செங்கோணமாகத் திரும்பினால் அந்த மூலையில்தான் சீக்கிரம் போகும். அகலமாக வளைந்தால் ஆயுசு கூடும்.

கடைசியாகத்தான் நான் தலைப்பில் சொன்னது. பையை உள்ளே திருப்புங்கள். லைனிங்கில் ஜிப் வைத்த பையென்றால் அதைத் திறந்து பாருங்கள், இல்லாவிட்டால் விளிம்புகளை வெளியே இழுத்துப் பாருங்கள். துணியின் வெட்டிய ஓரங்களை ஒரு நாடா மூடித் தைத்திருக்க வேண்டும். வெட்டிய ஓரம் அப்படியே விட்டிருந்தால் நூல் பிரிந்து பிரிந்து ஒருநாள் தையல் வரை வந்துவிடும். அப்போது தைக்கப் பிடிமானமே இருக்காது. தையல்கள் அங்குலத்துக்கு ஏழெட்டு வீதம் சீராக இருந்தால் நல்லது. அதைவிட நீளமான தையல் தளரும். மிக நெருக்கித் தைத்தால் ஊசித் துளைகளே துணியைக் கிழிக்கும் கோடாகிவிடும். தொங்கும் நூல்முனைகள், கோணல் ஓட்டம், ஓரிடத்தில் விட்டுப் பின் தொடர்ந்த தையல், இவையெல்லாம் அவசரத்தில் தைத்ததன் அடையாளம்.

தோல் பை ஆசை உள்ளவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரும் ராணிப்பேட்டையும் வாணியம்பாடியும் தோலுக்குப் பெயர்பெற்ற நம் ஊர்கள். பெரியமேட்டில் நல்ல தோல் பை இன்றும் கிடைக்கும். உண்மையான தோல் பத்து வருடம் தாண்டியும் அழகாகப் பழுக்கும். ஆனால் கனம் அதிகம், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், அடிக்கடி துடைத்துக் காற்றாட வைத்துப் பராமரிக்க வேண்டும். காரிலோ அலுவலக வண்டியிலோ போய்வருகிறவர்களுக்குப் பொருந்தும். மின்ரயிலில் நின்றுகொண்டு போகிறவர்களுக்குத் துணிப் பையே உதவி. உண்மையான தோல்தானா என்று அறிய வெட்டிய விளிம்பைப் பாருங்கள். நார் நாராகத் தெரிந்தால் தோல். பின்பக்கம் துணி ஒட்டி, மேலே ஒரு தாள் போன்ற படலம் தெரிந்தால் ரெக்சின்.

தங்கைகளுக்குத் தனியாகச் சில சொற்கள். கடைகளில் தொங்கும் முதுகுப் பைகள் பெரும்பாலும் உயரமான ஆண் உடம்பை நினைத்துத் தைத்தவை. முதுகு நீளம் குறைந்தவர் மாட்டினால் அடிப்பாகம் இடுப்பைத் தாண்டித் தொங்கும், வார் தோளின் ஓரத்துக்கு வழுகும். உயரம் குறைவான, வார்கள் ஒன்றுக்கொன்று நெருங்கித் தொடங்கும் பையைத் தேடுங்கள். மார்புக்குக் குறுக்கே மாட்டும் சிறு நாடா, மேலே கீழே நகர்த்தக்கூடியதாக இருந்தால் வசதி. சுடிதார் துப்பட்டாவும் சேலைத் தலைப்பும் மாட்டி இழுபடாதபடி, வெல்க்ரோ ஒட்டுப்பட்டை வெளியே தெரியும் பைகளைத் தவிர்த்துவிடுங்கள். அழகான கைப்பையில் கணினியையும் வைத்துக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னால், அதன் கைப்பிடி வேரை இழுத்துப் பார்த்த பிறகு நம்புங்கள்.

எப்படிப் போய்வருகிறீர்கள் என்பதைப் பொறுத்தும் பை மாறும். கடற்கரை – தாம்பரம் – செங்கல்பட்டு மின்ரயிலில் போகிறவர்கள் நெரிசலில் பையை முன்பக்கம் மாட்டிக்கொள்ளும்போது திறக்காதபடி ரன்னர்கள் இரண்டும் பக்கவாட்டில் ஒளிந்துகொள்ளும் பை நல்லது. உட்பக்கம் முதுகை ஒட்டி ஒரு சிறு ஜிப் அறை இருந்தால் பர்ஸும் பாஸும் அங்கே பத்திரம். இருசக்கர வண்டியில் போகிறவர்கள் நாடாவின் தொங்கும் வால்களைக் கட்டிவையுங்கள். காற்றில் பறந்து சக்கரத்திலோ சங்கிலியிலோ மாட்டினால் உயிருக்கே ஆபத்து. ஸ்கூட்டரின் கொக்கியில் கணினிப் பையைத் தொங்கவிட வேண்டாம். குழிகள் ஒவ்வொன்றும் கணினியைத்தான் உலுக்கும். முதுகில் மாட்டி, பையின் அடி பின் இருக்கையில் லேசாகப் படியும்படி உட்கார்ந்தால் தோளுக்கு ஓய்வு. வண்டி இரவில் ஓடுமென்றால் பையின் பின்புறம் ஒளி திருப்பும் பட்டை இருப்பதைப் பாருங்கள்.

வியர்வை நம் ஊரில் தப்பாத விஷயம். முதுகுப் பக்கம் முழுவதும் ஒரே மெத்தையாக இல்லாமல் இரண்டு மூன்று மேடும் நடுவே பள்ளமுமாக இருந்தால் காற்று ஓட வழி கிடைக்கும். மேலே வலைத்துணி கொஞ்சம் விறைப்பாக இருக்கட்டும். மெத்தென்ற வலை வியர்வையைக் குடித்துவைத்துக்கொண்டு நாற்றமடிக்கும்.

தேவையில்லாதவற்றையும் சொல்ல வேண்டும். பையில் போன் சார்ஜ் செய்யும் துளை என்று விற்பார்கள். உள்ளே இருப்பது ஓர் ஒயர் மட்டும், மின்கலம் நீங்கள் தனியாக வாங்க வேண்டும். துணியில் போட்ட அந்தத் துளை தண்ணீர் இறங்கவும் ஒரு வழி. இருபது அறைகள் இருந்தால் இருபது தையல், இருபது ஜிப். அத்தனையும் கெட வாய்ப்புள்ள இடங்கள். மூன்று நான்கு அறைகள், வெளியே தண்ணீர் பாட்டிலுக்கு ஒரு வலை, இவை போதும். பாட்டிலை மட்டும் கணினியோடு உள்ளே வைக்காதீர்கள். குளிர்ந்த பாட்டிலின் மேல் வியர்க்கும் நீரே கணினியைக் கெடுக்கப் போதும். சார்ஜரும் கணினியின் மூடிமீது அழுந்தாதபடி வேறு அறையில் இருக்கட்டும். மூடியை மூடினால் கணினி உறங்கிவிடும் என்று நம்பிப் பையில் போடுகிறீர்கள். அது பைக்குள் விழித்துக்கொண்டு சூடேறுவதுண்டு. பஞ்சு சுற்றிய அறையில் சூடு வெளியேறாது. நீண்ட நேரப் பயணம் என்றால் முழுதாக அணைத்துவிட்டு வையுங்கள்.

விலையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 800 ரூபாய்ப் பையை வருடாவருடம் வாங்கினால் ஐந்து வருடத்தில் 4,000 ரூபாய். 2,500 ரூபாய்ப் பை ஐந்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு 500 ரூபாய்தான். முதல் சம்பளத்தில் வீட்டுக்கும் கொடுத்து, வாடகையும் கொடுத்து மிச்சம் பிடிப்பது எளிதில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் விலையைப் பார்த்துத் தரத்தை முடிவு செய்யாதீர்கள் என்றே சொல்வேன். பெயர் தெரியாத பை ஒன்று வார் வேரிலும் ஜிப்பிலும் உள்விளிம்பிலும் தேறிவிட்டால் தைரியமாக வாங்குங்கள். பெயர்பெற்ற பை அங்கே தோற்றால் விட்டுவிடுங்கள். உத்தரவாதம் தருகிறார்கள் என்றால் ரசீதைப் படமெடுத்து வையுங்கள், ஜிப்பும் வாரும் அதில் சேருமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலையில் சேரும் நாளில் நிறுவனம் ஒரு பை கொடுக்கும். பெயர் பொறித்த அந்தப் பையைப் பெருமையாக மாட்டிக்கொள்வீர்கள், அதில் தவறில்லை. அதற்கும் இந்தச் சோதனைகளைச் செய்து பாருங்கள். தேறாவிட்டால் அதைத் துணி வைக்கவோ ஊருக்குப் போகவோ வைத்துக்கொண்டு, தினமும் சுமக்க வேறு பை வாங்குங்கள். அந்தப் பைகளை மொத்தமாக வாங்கும் பொறுப்பில் உங்களில் யாராவது நாளை உட்கார நேர்ந்தால், ஒரு பையில் ஆறு கிலோ வைத்து ஒரு நாள் நீங்களே சுமந்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

வாங்கிய பிறகு பையைப் பேணுவது சிரமமில்லை. மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் கொட்டி உதறுங்கள். துவைக்கும் எந்திரத்தில் போடாதீர்கள், உள்பூச்சு உரிந்துவிடும். மிதமான சோப்புத் தண்ணீரில் கையால் துடைத்து நிழலில் தலைகீழாகக் காய வையுங்கள். மழையில் நனைந்து வந்த இரவு பையைக் காலி செய்து திறந்துவையுங்கள். ஜிப் திக்கினால் மெழுகுவர்த்தியைப் பற்களின் மேல் தேய்த்து நாலுமுறை ஓட்டுங்கள். மூடியபின் பல் பிரிந்தால் பெரும்பாலும் குறை பற்களில் இல்லை, ரன்னர் வாய் தேய்ந்து அகன்றிருக்கும். அதை மட்டும் மாற்றினால் போதும், பைக்கு மறுவாழ்வு. வார் வேரில் ஒரு நூல் விட்டது தெரிந்த அன்றே தைத்துவிட்டால் சில நிமிட வேலை. துணியோடு கிழிந்துவிட்டால் பையைப் பிரித்துத்தான் தைக்க வேண்டும்.

கடைக்குப் போகும்போது உங்கள் கணினியையும் சார்ஜரையும் சாப்பாட்டு டப்பாவையும் எடுத்துக்கொண்டு போங்கள். எல்லாவற்றையும் பைக்குள் வைத்து மாட்டிக்கொண்டு கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடங்கள், குனியுங்கள், படி இருந்தால் ஏறி இறங்குங்கள். வெட்கப்பட வேண்டாம். செருப்பைப் போட்டு நடந்து பார்க்காமல் யாரும் வாங்குவதில்லை. இணையத்தில் வாங்கினால் திருப்பி அனுப்பும் நாள் முடிவதற்குள் வீட்டில் இதையெல்லாம் செய்துவிடுங்கள், சீட்டைக் கிழிக்காமல்.

அதற்கும் முன்னால் ஒன்று செய்யலாம். உங்கள் தெருவிலோ ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலோ என்னைப்போல ஒருவர் மெஷினோடு உட்கார்ந்திருப்பார். எந்தப் பை எங்கே கிழியும் என்று அவருக்குத் தெரியும். கிழிந்த பிறகுதான் எல்லோரும் அவரிடம் போகிறார்கள். நீங்கள் வாங்குவதற்கு முன்பே போய், ‘அண்ணே, எந்த மாதிரிப் பை வாங்கலாம்?’ என்று கேளுங்கள். வேலையை நிறுத்திவிட்டு, தன் மேஜைமேல் கிடக்கும் பைகளைத் திருப்பிக் காட்டிச் சொல்லித் தருவார்.

புது வேலை உங்களுக்கு நன்றாக அமையட்டும்.

அன்புடன்,
பை தைக்கும் ஓர் அண்ணன்